திரும்பி ஏறும் தண்ணி

நீங்க உக்காருங்க தம்பி. அந்தச் சேர்ல என்ற பை இருந்துது, எடுத்துட்டேன், உக்காருங்க. எனக்கு வேண்டாமுங்க. உக்காந்தா முட்டுது. நின்னா ஓரளவுக்குத் தாங்குது, நடந்தா இன்னும் தேவலை. ஒன்றரை லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னாங்க, குடிச்சாச்சு. ஒண்ணுக்குப் போகாம அடக்கி வெச்சிருங்க, மூத்திரப் பை ரொம்பினாத்தான் ஸ்கேன்ல தெரியும்னாங்க. ஒம்பதரைக்குக் கூப்பிடறதாச் சொன்னது, இப்ப மணி பதினொண்ணாகப் போகுது. நடுவுல ஏதோ அவசரக் கேசு வந்துருச்சாம். அவசரம்னா என்னன்னு இப்ப எங்கிட்டக் கேக்கணுமுங்க.

ஆமாங்க, எனக்குத்தான் ஸ்கேன். கொழந்தைக்கு இல்ல. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. இந்த மாடி பூரா கொழந்தைகளா இருக்குது, நடுவுல நான் ஒருத்தன் குறுக்கயும் நெடுக்கயும் நடந்துட்டிருக்கேன்.

உங்க பையன் உள்ள இருக்கறானுங்களா? ரெண்டு வயசா? காச்சல் காச்சல்னு வந்துட்டே இருந்துதா? ஒண்ணுக்குல கிருமின்னு சொல்லி, டியூப் போட்டு எக்ஸ்ரே எடுக்கறோம்னாங்களா? அட, அப்ப எங்கிட்டக் கேளுங்க. அதுல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரம்மா உள்ள இருக்கறாங்க, எல்லாம் முடிச்சுட்டு உங்களக் கூப்பிடுவாங்க. கொஞ்ச நேரம் ஆகும். சித்த இருங்க, நம்பர் மாறுச்சான்னு பாத்துட்டு வந்தர்றேன்.

மாறல. அதே நம்பர்தான்.

நம்ம பேரு வெள்ளியங்கிரி. காங்கயத்துக்குத் தெக்க ஒரு ஊரு. கிணத்து மோட்டார், போர் மோட்டார் வேலை. புள்ள பேரு நிகிதாஸ்ரீ, வீட்ல அம்மிணின்னுதான் கூப்பிடுவோம். இப்ப அஞ்சரை வயசு. மொத மொதல்ல காச்சல் வந்தப்ப மூணு முடிஞ்சு நாலு நடந்துட்டிருந்துது. சளி இல்ல, இருமல் இல்ல, ஒடம்பு மட்டும் அடுப்பாட்டக் கொதிக்கும். குளுருல பல்லு கிடுகிடுங்கும். எங்கூர் டாக்டர் பாத்துட்டு சீசன் காச்சல்னு மருந்து குடுப்பாரு, நாலு நாள்ல விட்டுரும். ரெண்டு மாசம் சும்மா இருக்கும். மறுபடியும் அதே மாதிரி வரும். பத்து மாசத்துல நாலு தடவை.

நானு யாரையும் கொறை சொல்ற ஆளில்லீங்க. அதை மொதல்லயே சொல்லிர்றேன். ஆனா ஒரு புள்ளைக்கு இத்தனை தடவை வருதுன்னா வீட்ல இருக்கறவங்க பாக்கணுமா வேண்டாமா? அதைத்தான் கேட்டேன். என்ற வீட்டுக்காரி கோகிலவாணி. நல்லவதான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். மூணாவது தடவை காச்சல் வந்தப்ப, ‘ஏனுங்க, ஒண்ணுக்கு ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது’ன்னு அவளே வந்து சொன்னா. அப்படீன்னா என்ன அர்த்தம்? சுத்தமாக் கழுவி விடறதில்லைன்னுதான அர்த்தம்? அதைத்தான் சொன்னேன். அவ தங்கச்சி வீட்டுக் காதுகுத்துல வெச்சுச் சொன்னேன். நாலு பேரு இருந்தாங்க. இருந்தா என்னங்க, ஞாயம்தான? அவ மொகம் கன்னிப் போச்சு. ஒரு வார்த்தை பேசல. தப்பு அவ மேல இல்லீன்னா பேசியிருப்பாளில்லீங்க?

புள்ளையும் ஒரு மாதிரிங்க. ஒண்ணுக்கு வந்தாச் சொல்லாது. காலை மடக்கிக் குதிகால் மேல உக்காந்துக்கும். காலு ரெண்டையும் பின்னிக்கும். ‘ஒண்ணுக்கு வருதா அம்மிணி’ன்னா இல்லைன்னு தலையாட்டும். அடுத்த நிமிசம் பாவாடை நனைஞ்சிருக்கும். வண்டியில முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனா ரெண்டு மைலுக்கு ஒருக்கா நெளியும். அதுக்கெல்லாம் வண்டிய நிறுத்திட்டிருந்தா நான் எப்ப வேலைக்குப் போறது? காலைல எந்திரிச்சுப் பாத்தா பெட்ஷீட்டு ஈரம். நான் அடிச்சதில்லீங்க. அந்தப் புள்ள மேல கை நீட்டுனதே இல்ல. வைவேன், அது எந்த அப்பன்தான் வையாம இருக்கறான்? அப்பறம் ஒரு ரோசனை பண்ணுனேன். நனைச்சா அந்தப் பெட்ஷீட்ட அவளே சுருட்டித் தலையில வெச்சு, வாசலத் தாண்டித் தண்ணித்தொட்டி வரைக்கும் கொண்டு வரணும்னு சொல்லிட்டேன். வாசல்ல பால்காரர் இருப்பாரு, பக்கத்து வீட்டுக்காரங்க இருப்பாங்க. நாலு பேரு பாத்தா ரோசம் வரும். ரோசம் வந்தா நின்னுரும். அவ்வளவுதானுங்க, வேற ஒண்ணும் பண்ணல. கொஞ்ச நாள் நின்னுச்சு கூட. இல்லீங்க, நிக்கல. நான் எந்திரிக்கறதுக்குள்ள கோகிலா மாத்திப் போட்டிருக்கறா. அது பொறவுதான் தெரிஞ்சுது.

இப்ப சொல்றனுங்க எனக்கு எது மனசு ஆறலைன்னு. நாலாவது தடவை காச்சல் வந்தப்ப நான் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தேன். மூணு நாளா மோட்டார் ஓடாம வாழை காஞ்சுட்டு நிக்குது, அந்தக் கவுண்டர் கிணத்து மேல நின்னு என்னையவே பாத்துட்டிருக்கறாரு. நான் கிணத்துக்குள்ள. போனு சட்டையில, சட்டை மேட்டுல. கோகிலா கூப்பிட்டிருக்கறா. எடுக்க ஆளில்ல. வேலைய முடிச்சுட்டுப் பொழுதோட வீட்டுக்கு வந்தா வீடு பூட்டியிருக்குது. பக்கத்து வீட்டு அம்மா சாவியக் கொண்டாந்து குடுத்துட்டு, ‘கொழந்தைக்கு வாந்தியும் குளுருமா இருந்துதுப்பா, மத்தியானமே பஸ் ஏறிக் கோயமுத்தூரு போயிட்டா’ங்கறாங்க. கோயமுத்தூரு! தாராபுரம் இருக்குது, காங்கயம் இருக்குது, இவ அம்பது மைலு தாண்டிக் கோயமுத்தூரு போறா. யாரைக் கேட்டு? ஒரு ஆம்பளை வீட்ல இருக்கறான், அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமா வேண்டாமா? நாலு வயசுப் புள்ளையத் தோள்ல போட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி, வாந்தி எடுத்த துணியோட. ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? புருசன் கவனிக்கலைன்னுதான பேசுவாங்க?

அடுத்த நாள் மொத பஸ் புடிச்சேன். அவளை என்னென்ன கேக்கணும்னு பல்லடம் வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டே வந்தேன். இங்க வந்து, இதே மாடிதானுங்க, அந்தக் கடைசி ரூம், உள்ள போனா புள்ள கையில ஊசி குத்தி, மரப்பலகை வெச்சுக் கட்டி, பாட்டில் ஏறிட்டிருக்குது. ஒதடு வெடிச்சுக் கெடக்குது. இவ பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்கறா, அதே சேலை. நான் நெனைச்சுட்டு வந்ததுல பாதி மறந்து போச்சு. மிச்சத்தைக் கேட்டேன். ‘சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?’

‘மூணு தடவை கூப்பிட்டனுங்க’ங்கறா.

‘நாலாவது தடவை கூப்பிட்டிருக்கலாமில்ல?’

அவ புள்ளைக்கு விசிறி விட்டுட்டிருந்தா.

சித்த நில்லுங்க தம்பி. அந்த நர்ஸ் வெளிய வருது. ஏனுங்க சிஸ்டர், வெள்ளியங்கிரி, ஸ்கேனு... இன்னும் ரெண்டு பேரா? சரிங்க. இல்லீங்க, தாங்கிக்கறேன். சரி.

ரெண்டு பேராம். எங்க விட்டேன்? ஆங், டாக்டரம்மா. சின்ன வயசுதான் அவங்களுக்கு, ஆனா நல்லாப் புரிய வெப்பாங்க. ஒண்ணுக்கு டெஸ்ட்டுல கிருமி ஏகத்துக்கு இருக்குது, ஸ்கேன்ல வலது கிட்னி வீங்கியிருக்குதுன்னாங்க. நான் மொத வேலையாச் சொன்னேன், ‘வீட்ல சுத்தம் பத்தாதுங்க டாக்டர், நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்’னு. அந்தம்மா பேனாவக் கீழ வெச்சாங்க. ‘இதுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லைங்க’ன்னாங்க. ஒரு தாள எடுத்துப் படம் போட்டாங்க. மேல கிட்னி, கீழ மூத்திரப் பை, நடுவுல குழாய். மேல இருந்து கீழ வர்ற மூத்திரம் திரும்ப மேல ஏறக்கூடாது, அதுக்குக் குழாய் பையில சேர்ற எடத்துல ஒருவழிக் கதவு மாதிரி ஒண்ணு இருக்குது, சில கொழந்தைகளுக்குப் பொறக்கறப்பவே அது சரியா மூடாது, ஒண்ணுக்குப் போறப்ப பாதி வெளிய வரும், பாதி திரும்பிக் கிட்னிக்கு ஏறிரும், பையில கிருமி இருந்தா அதையும் கூடவே மேல கொண்டு போயிரும்னு சொல்லிட்டிருந்தாங்க. எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. ‘புட்வால்வு போச்சுன்னு சொல்லுங்க’ன்னேன். கிணத்துல பைப்புக்கு அடியில போடுவமில்லீங்க, ஏறுன தண்ணி திரும்ப எறங்காம இருக்க? அது மாதிரி, இங்க தலைகீழா. அந்தம்மா சிரிச்சுட்டாங்க. ‘அதேதாங்க, நீங்களே சொல்லிட்டீங்க’ன்னாங்க. கோகிலா கூடச் சித்த சிரிச்ச மாதிரிதான் இருந்துது. இல்ல, அழுதாளோ என்னமோ. தலையக் குனிஞ்சுட்டா. அப்பறம் டாக்டரம்மா அவ பக்கம் திரும்பி, ‘நேத்து நீங்க கொண்டு வந்தது நல்லதாப் போச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்’ன்னாங்க. டாக்டருக எப்பவுமே கொஞ்சம் பயமுறுத்தத்தான் செய்வாங்க.

அப்பறம் ஒன்றரை மாசம் கழிச்சு, கிருமியெல்லாம் போன பொறவு, இப்ப உங்க பையனுக்குப் பண்ணறாங்களே, அந்த எக்ஸ்ரே. டியூப் வழியா மருந்துத் தண்ணிய மூத்திரப் பைக்குள்ள ரொப்புவாங்க. ரொம்புன பொறவு அந்தப் பலகை மேலயே ஒண்ணுக்குப் போகச் சொல்லுவாங்க. போற நேரத்துலதான் படம் புடிக்கணும், அப்பத்தான் தண்ணி மேல ஏறுதா இல்லையான்னு தெரியும். பெத்தவங்கள்ல ஒருத்தர்தான் கூட இருக்கலாம்னாங்க. கோகிலா ‘நான் போறனுங்க, நான் இருந்தா அவ இருந்துக்குவா’ன்னா. நான் விடல. அப்பன் நான் வந்திருக்கறப்ப எதுக்கு அவ? எக்ஸ்ரே ரூம்ல குடுக்கற கனமான ஏப்ரனை மாட்டிட்டு நான்தான் உள்ள போனேன்.

டியூப் போடறப்ப அழுதுச்சு. அது எல்லாக் கொழந்தையும் அழுகறதுதான், நீங்க அதுக்குப் பதறாதீங்க. அப்பறம் அடங்கிருச்சு. மருந்துத் தண்ணி ஏறுது. திரையில மூத்திரப் பை பலூனாட்டம் ரொம்பறது தெரியுது. ‘இப்பப் போ கண்ணு, ஒண்ணுக்குப் போ, இங்கயே போலாம்’னு நர்ஸ் சொல்லுது. போகல. ஒதட்டக் கடிச்சுட்டு என்னையவே பாக்குது. நானும் சொன்னேன், ‘போ அம்மிணி.’ காலைப் பின்னிக்குது. பிரிச்சு விட்டா மறுபடியும் பின்னிக்குது. நர்ஸ் குழாயத் தெறந்து விட்டுது, தண்ணி விழுகற சத்தம் கேட்டாப் போகுமாம். வெதுவெதுப்பாத் தண்ணி எடுத்துக் காலு மேல ஊத்துனாங்க. ம்கூம். வயிறு உப்பிப்போயி இத்தாச்சோடு பெரிசா நிக்குது, வேர்க்குது, ஒடம்பு நடுங்குது, சொட்டு விடல. எனக்கும் ஒரு கட்டத்துல ஆத்தாமை தாங்கல. ‘போன்னா போக வேண்டியதுதான, இத்தனை பேரு நிக்கறாங்கல்ல’ன்னேன். சத்தமா இல்லீங்க. சாதாரணமாத்தான் சொன்னேன்.

புள்ள நர்ஸப் பக்கத்துல வரச் சொல்லிக் காதுல என்னமோ சொல்லுச்சு. நர்ஸ் நிமுந்து என்னையப் பாத்துச்சு. ‘சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க’ன்னுச்சு. கோகிலாவ உள்ள கூப்பிட்டாங்க. நான் இந்தக் கதவத் தாண்டக் கூட இல்ல, கதவு சாத்தவும் இல்ல, பின்னாடி தகரத் தட்டுல ஒண்ணுக்கு விழுகற சத்தம் கேக்குது. ‘சபாஷ் கண்ணு’ன்னு நர்ஸ் சொல்றதும் கேக்குது.

வெக்கமுங்க. பொம்பளப் புள்ள பாருங்க, அப்பன் முன்னாடி கூச்சப்படுது. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. அந்த நர்ஸ்தான் வெளிய வந்து ஒரு மாதிரிக் கேட்டுது, ‘வீட்ல அடிப்பீங்களா சார்?’னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ‘அந்தப் புள்ள மேல ஒரு ஈ ஒக்கார விட மாட்டனுங்க, யாரப் பாத்து என்ன கேக்கறீங்க’ன்னு நல்லாக் கேட்டுட்டேன். அது உள்ள போயிருச்சு.

முடிவு சொன்னாங்க. வலது பக்கம் ஏறுது. இந்தச் சீக்க அஞ்சு படியாப் பிரிப்பாங்களாம், இவளுக்கு நாலாவது படி. வந்துட்டு வந்துட்டுப் போன காச்சல்ல கிட்னியில ஒரு எடத்துல தழும்பு விழுந்திருக்குது. அது அப்படியே இருக்கும், போகாது. மத்தபடி கிட்னி வேலை செய்யுது. தெனம் படுக்கறப்ப ஒரு டோஸ் மருந்து, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒண்ணுக்கு, மலச்சிக்கல் ஆகக்கூடாது, காச்சல்னா ஒடனே ஒண்ணுக்கு டெஸ்ட்டு. கோகிலா போன்ல அலாரம் வெச்சா. எங்க இருந்தாலும் அலாரம் அடிக்கும், தாயும் புள்ளையும் எந்திரிச்சுப் போயிருவாங்க. கல்யாணத்துல பந்தியில உக்காந்திருந்தாலும் போயிருவாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சரம்மாகிட்ட எழுதிக் குடுத்துட்டா. எட்டு மாசம் ஒண்ணும் இல்ல. அப்பறம் ஒருக்கா மருந்து குடிச்சுட்டிருக்கறப்பவே காச்சல் வந்துருச்சு. அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்னு மயக்க மருந்து குடுத்து, உள்ள கேமராக் குழாய் விட்டு, அந்தக் கதவு இருக்கற எடத்துல ஒரு ஊசி போட்டாங்க. ஊசி மருந்து அங்க தடிச்சு நின்னு, திரும்பி ஏறற வழிய அடைச்சுக்கும். கத்தி இல்ல, தையல் இல்ல, அடுத்த நாளே வீட்டுக்கு வந்துட்டோம். மூணு மாசம் கழிச்சுப் பாத்தப்ப ஏறல. நல்லா இருக்கறா. அதனால சொல்றேன், பயப்படாதீங்க.

நானா? நான் எதுக்கு வந்திருக்கறேன்னு கேக்கறீங்க. அது ஒரு கூத்து. புள்ளைக்கு ஊசி போட்டப்ப டாக்டரம்மா கேட்டாங்க, ‘உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இப்படி இருந்துதுங்களா? இது வழிவழியா வரலாம்’னு. நான் இல்லைன்னேன். கோகிலா உடனே, ‘இவங்க அக்காவக் கேக்கறனுங்க டாக்டர்’னு போனைப் போட்டுட்டா. ஸ்பீக்கர்ல. எங்கக்கா சரசுவுக்கு நாக்குல எலும்பு இல்ல. ‘யாரு, தம்பிக்கா? ஒம்பது வயசு வரைக்கும் பாய நனைச்சான் கண்ணு. மாசம் ஒரு காச்சல் வரும். எங்கப்பா ஈரப்பாய அவன் தலையில வெச்சு, மாரியம்மன் கோயில் வரைக்கும் நடக்க விடுவாரு. ஊருப் புள்ளைகள்லாம் பின்னாலயே போகும். நானும் போயிருக்கறேன், சிரிச்சுட்டு’ங்கறா. ஆஸ்பத்திரியில, டாக்டர் முன்னாடி! நான் போனப் புடுங்கி அமத்திட்டேன். எங்கப்பா நல்லவருங்க. என்ற நல்லதுக்குத்தான் பண்ணுனாரு. அதுக்கப்பறம் நின்னு போச்சில்லீங்க? கோகிலா என்னையப் பாத்தா. பாத்துட்டே இருந்தா. என்னத்துக்கு அப்படிப் பாத்தான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

டாக்டரம்மா அங்கயே பிரஷர் பாக்கச் சொன்னாங்க. நூத்தி எழுவது. ‘உங்க வயசுக்கு இது ரொம்ப ஜாஸ்தி, நீங்க ஒரு ஸ்கேன் எடுத்தே ஆகணும்’ன்னாங்க. டென்சன்ல ஏறியிருக்கும்னு விட்டுட்டேன். ஆறு மாசம் ஆச்சு. கோகிலா வாரத்துக்கு ஒருக்காச் சொல்லுவா, நான் அப்பறம் அப்பறம்பேன். போன வாரம் மோட்டாரத் தூக்கறப்ப கண்ணு இருட்டி அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். அதான் வந்தேன். தனியாத்தான் வந்தேன். பல்லடத்துல ஒரு கம்பெனி மோட்டார் வேலைன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். சொன்னா அவ பயந்துக்குவாளில்லீங்க. எதுக்கு எல்லாத்தையும் வீட்ல சொல்லிட்டு?

ஆங்... கூப்பிட்டாங்க. என்ற பேருதான? வெள்ளியங்கிரி. ஆமாங்க, வர்றேன், வர்றேன். அப்பாடா.

*

இங்கயேதான் இருக்கறீங்களா? இன்னும் உங்களக் கூப்பிடலையா? உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இப்ப நானும் உக்காந்துக்கறேன்.

ஸ்கேன் பாத்தாங்க. பாதி பாத்துட்டு, ‘போயி ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க, பை காலியான பொறவு இன்னொருக்காப் பாக்கணும்’னாங்க. ஓடுனேன். அந்த மூலையில பாத்ரூம் இருக்குதில்லீங்க, ஒண்ணே ஒண்ணு, அங்க. கதவத் தாப்பாப் போட்டுட்டு நின்னா, வெளிய அந்த வார்டு அம்மா, ‘ஆச்சுங்களா? டாக்டர் காத்துட்டிருக்கறாங்க, சீக்கிரம் வாங்க’ங்குது. நல்லாத்தான் சொல்லுச்சு. தப்பா ஒண்ணும் சொல்லல. எனக்கு வரல. காலைல இருந்து எப்பப் போவோம் எப்பப் போவோம்னு பறந்துட்டிருந்தவன், வரலீங்க. மறுபடியும், ‘ஆச்சுங்களா?’ங்குது. குழாயத் தெறந்து விட்டுப் பாத்தேன். அடைச்ச மாதிரி நிக்குது. வேர்த்துப் போச்சு. முப்பத்தெட்டு வயசு எனக்கு. ‘நீங்க அக்கட்ட போங்கம்மா மொதல்ல!’ன்னு உள்ள இருந்து கத்திட்டேன். செருப்புச் சத்தம் தள்ளிப் போச்சு. போன பொறவுதான் வந்துது.

வந்துட்டேயிருந்துது. நான் செவுத்துல கைய வெச்சுட்டு நின்னுட்டிருந்தேன். அம்மிணி அந்தப் பலகை மேல...

சரி. அதை விடுங்க.

முடிவு சொல்லிட்டாங்க. வலது கிட்னி சுருங்கிப் போச்சாம். கால்வாசிதான் இருக்குதாம். பூரா தழும்பு. ‘இது இப்ப வந்ததில்ல, உங்க கொழந்தை வயசுலயே வந்திருக்கும், யாரும் பாக்கல’ன்னாங்க. எடது பக்கம் நல்லா இருக்குது, அது ஒண்ணே போதும், ஆனா பிரஷர் மாத்திரை ஒரு நாள் கூட விடக்கூடாதுன்னாங்க. நான் கேட்டேன், ‘அப்ப நான் பாயில போனது சோம்பேறித்தனம் இல்லீங்களா?’ன்னு. அவங்களுக்குப் புரியல. ‘என்னங்க?’ன்னாங்க. ஒண்ணுமில்லீங்கன்னு வந்துட்டேன்.

வெளிய வந்து அந்த ஜன்னல்கிட்ட நின்னு கோகிலாவுக்குப் போன் போட்டேன். ‘கோயமுத்தூர்ல இருக்கறேன்’னேன். ‘தெரியுமுங்க’ங்கறா. ‘எப்படித் தெரியும்?’னேன். ‘ஸ்கேனுக்கு டாக்டரம்மா குடுத்த சீட்டு பீரோவுல இருந்துது, காலைல பாத்தாக் காணோம்’ங்கறா. எதுக்குச் சொல்லாமப் போனீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணுமில்லீங்க? கேக்கல. நானா இருந்தா கேட்டிருப்பேன். ‘என்ன சொன்னாங்க?’ன்னா. சொன்னேன். ‘சாப்பிட்டீங்களா?’ன்னா. இல்லைன்னேன். ‘மொதல்ல சாப்பிடுங்க. மாத்திரைய வாங்கிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது’ன்னா. எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க. போனை வெக்கறேன்னு சொல்லப் போனவன், ‘அம்மிணிகிட்டக் குடு’ன்னுட்டேன்.

புள்ள வந்துது. ‘என்னப்பா?’ங்குது. நான் போன்ல அதுகிட்டப் பேசுனதே கொறைவு. ‘அப்பாவுக்கும் உனக்கு இருந்த மாதிரியே ஒண்ணுக்குல சீக்கு சாமி. சின்னப் புள்ளையிலயே இருந்துதாம், இப்பத்தான் கண்டுபுடிச்சாங்க’ன்னேன்.

லைனு போச்சோன்னு போனை எடுத்துப் பாத்தேன். போகல. மூச்சு விடறது கேக்குது. அப்பறம் மெதுவாக் கேக்குதுங்க, ‘அப்ப உன்னைய யாருப்பா வைஞ்சாங்க?’

யாரும் வையலைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன் தம்பி. வரல. போனக் காதுல வெச்சுட்டு ரோட்டையே பாத்துட்டு நின்னேன். ‘எங்கப்பா’ன்னேன்.

‘எங்கப்பாவுந்தான்’னுச்சு.

எங்கிட்டயே சொல்லுதுங்க. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளகிட்டச் சொல்ற மாதிரி, எங்கிட்டயே சொல்லுது.

உங்களத்தான் கூப்பிடறாங்க பாருங்க. போங்க தம்பி, போங்க. பைய இங்கயே வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்.